முதல் மரவேலை: வாடகை வீட்டுக்கு ஒரு புத்தக அலமாரி

கேள்வி இதுதான். சென்னையில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு. புத்தகங்களும் பிள்ளைகளின் நோட்டுகளும் தரையில் அடுக்கிக் கிடக்கின்றன. கடையில் வாங்கிய அலமாரியின் தட்டுகள் இரண்டே வருடத்தில் நடுவில் தொங்கிவிட்டன. ஒரே ஒரு அலமாரிக்காக வர ஆசாரி கிடைக்கவில்லை. மரவேலை பழக்கமே இல்லாத ஒருவர், விடுமுறை நாட்களில் தானே ஒன்று செய்துகொள்ள முடியுமா? தேக்கு நல்லதா, பிளைவுட் நல்லதா? என்னென்ன கருவிகள் வேண்டும்?

முடியும். முதல் வேலைக்குப் புத்தக அலமாரியைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. கதவு கிடையாது, கீல் கிடையாது, இழுப்பறை கிடையாது. நேரான வெட்டும் சரியான மூலையும் இருந்தால் அலமாரி நிற்கும். ஆனால் எந்த மரம் என்ற இடத்திலிருந்து தொடங்காதீர்கள். தொங்கிப்போன அந்தப் பழைய தட்டின் நீளத்தை முதலில் அளந்து பாருங்கள். அநேகமாக மூன்றடிக்கு மேல் இருக்கும்.

வீட்டில் இருக்கும் பொருட்களில் புத்தகம் கனமானது. நெருக்கமாக அடுக்கினால் அடிக்குச் சுமார் 8 முதல் 10 கிலோ வரை வரும். இந்தச் சுமையில் தட்டு எவ்வளவு வளையும் என்பதை மரத்தின் பெயரைவிட நீளமும் தடிமனும்தான் தீர்மானிக்கின்றன. அடிக்கு அதே சுமை இருக்க, தட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் வளைவு 16 மடங்காகும். தடிமனை இரட்டிப்பாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். 18 மி.மீ. தடிமனும் 11 அங்குல அகலமும் உள்ள பிளைவுட் தட்டு, இரண்டரை அடி நீளத்தில் ஏறத்தாழ 2 மி.மீ. வளையும், கண்ணுக்குத் தெரியாது. அதே தட்டை நான்கடிக்கு நீட்டினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தொங்கும். அதுவும் முதல் நாள் கணக்குதான். சுமை மாதக்கணக்கில் இறங்காமல் இருந்தால் மரம் மெல்ல மெல்ல இன்னும் தளரும். பார்ட்டிகிள் போர்டு என்றால் நிலைமை மோசம். அதே தடிமனில் பிளைவுட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் வளையும். கடை அலமாரிகள் பல தொங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே என் முதல் விதி: புத்தகத் தட்டு எதுவும் இரண்டரை அடியைத் தாண்டக்கூடாது. சுவர் அகலமாக இருந்தால் இரண்டு அலமாரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நீளமான தட்டுதான் வேண்டும் என்றால், முன் விளிம்பில் ஒன்றரை அங்குல உயரமுள்ள மரப்பட்டையைச் செங்குத்தாக நிறுத்திப் பசை போட்டு ஒட்டுங்கள். அந்த ஒரு பட்டையே வளைவைப் பாதி அளவுக்கும் கீழே கொண்டுவந்துவிடும். இதற்காக 25 மி.மீ. பிளைவுட் வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை.

இப்போது பலகைக்கு வரலாம். அலமாரிக்கு பிளைவுட் போதும். தேக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை; தட்டுகளுக்கு அது தேவையில்லை. பிளைவுட் என்பது மெல்லிய மரத்தாள்களை ஒன்றுக்கு ஒன்று குறுக்காக வைத்து ஒட்டிய பலகை. அதனால்தான் ஈரத்தில் அகலவாக்கில் உப்பாமல், பிளக்காமல் நிற்கிறது. கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரத்திலிருந்தும், அரியானாவின் யமுனாநகரில் பாப்ளர், தைலமரம் இரண்டிலிருந்தும் இதைப் பெருமளவில் செய்கிறார்கள்.

கடையில் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., ‘செவன் டென்’ என்று மூன்று பெயர்கள் காதில் விழும். எம்.ஆர். ஈரக் காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். அதைவிட நல்ல பசையில் செய்தது. ‘செவன் டென்’ என்பது ஐ.எஸ். 710 தரத்தில் செய்த மரைன் பிளைவுட். அதன் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்குகள் பிரியக்கூடாது என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை. படுக்கையறையில் நிற்கும் புத்தக அலமாரிக்கு மரைன் தேவையே இல்லை. ஆனால் தினமும் தரையைத் துடைக்கும் வீட்டில், ஐப்பசி மழையில் சுவரே வியர்க்கும் ஊரில், எம்.ஆர்.-ஐயும் நான் எடுக்கமாட்டேன். நடுவில் உள்ளதை எடுங்கள். மரைனை சமையலறை சின்க்கின் அடிப்பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைக் கேட்டு வாங்காமல் பலகையைப் பார்த்து வாங்குங்கள். நான்கு விளிம்புகளையும் சுற்றிப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை இருந்தால் திருகு அங்கே பிடிக்காது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் உள்ளே வெற்றாக உள்ள இடத்தில் சத்தம் மாறும். தடிமனை டேப்பில் அளந்து பாருங்கள். 18 என்று சொல்லி 16-ஐ அடுக்கி வைத்திருக்கும் கடைகள் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அந்த எண் உண்மையானதா, எந்த நிறுவனத்துடையது என்று அங்கேயே காட்டும். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் வேறு கடைக்குப் போங்கள். விலையைச் சதுர அடிக்குச் சொல்வார்கள். ஒரு பலகை 8 அடிக்கு 4 அடி, அதாவது 32 சதுர அடி. ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

பின்பலகை தவிர முழு அலமாரியும் ஒரே ஒரு 18 மி.மீ. பலகையில் அடங்கும்படி வெட்டுக் கணக்கு தருகிறேன். பலகையின் உண்மையான அளவு 2440 × 1220 மி.மீ. ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் 3, 4 மி.மீ. தின்றுவிடும், இதை மறந்தால் கடைசித் துண்டு குறைந்துபோகும். முதலில் நீளவாக்கில் 275 மி.மீ. அகலத்தில் நான்கு பட்டைகள். மிச்சம் ஏறத்தாழ 100 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை வரும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். நான்கில் இரண்டு பட்டைகளிலிருந்து 1800 மி.மீ. நீளத்தில் இரண்டு பக்கப் பலகைகள். மற்ற இரண்டிலும் மும்மூன்றாக 760 மி.மீ. நீளத்தில் ஆறு தட்டுகள். அந்த ஒடுங்கிய பட்டையில் 760 மி.மீ. நீளத்தில் மூன்று துண்டுகள்: ஒன்று அடித்தட்டுக்குக் கீழே முன்பக்கம் நிற்கும், ஒன்று மேல்தட்டுக்குக் கீழே பின்பக்கம், இன்னொன்று நடுவில் பின்பக்கம். பட்டைகளை நீளவாக்கில்தான் எடுக்க வேண்டும். பிளைவுட்டின் மேல்தாளில் மரத்தின் ரேகை பெரும்பாலும் எட்டடி நீளத்தை ஒட்டி ஓடும், அந்தத் திசையில்தான் தட்டுக்கு வலு அதிகம்.

முன்பக்கத்துத் துண்டை 80 மி.மீ. உயரத்துக்குச் சீவிக்கொண்டால் அடித்தட்டு தரையிலிருந்து அந்த அளவு மேலே நிற்கும். துடைக்கும் தண்ணீர் தொடாது. மிச்ச உயரத்தில் ஆறு தட்டுகளின் தடிமன் போக ஐந்து அறைகளுக்கு 1612 மி.மீ. கிடைக்கும். கீழ் அறைகள் இரண்டுக்கும் 360 வீதம் கொடுங்கள். ஏ4 தாளின் உயரம் 297 என்பதால் ஃபைல்களும் ரெக்கார்டு நோட்டுகளும் அங்கே தாராளமாக நிற்கும். மேலே மூன்றுக்கும் 297 வீதம் வரும், நாவல்களுக்கு அது தாராளம்.

இந்த வெட்டுகளை நீங்களே போட வேண்டாம். முதல் வேலையில் பெரிய பலகையைத் தரையில் போட்டு அறுப்பது வீண் சிரமம், கோணலும் வரும். சில பிளைவுட் கடைகளிலும் பல ஃபர்னிச்சர் பட்டறைகளிலும் பேனல் ரம்பம் இருக்கிறது. மி.மீ. கணக்கில் தாளில் வரைந்து எடுத்துப் போனால் வெட்டுக் கூலி வாங்கிக்கொண்டு அறுத்துத் தருவார்கள். முழுப் பலகை 30 கிலோவுக்கு மேல் கனக்கும். வெட்டிய துண்டுகளை ஒருவரே மாடிக்கு ஏற்றிவிடலாம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் மரவேலை என்றால் பலர் கையில் எடுப்பது கல் வெட்டும் மார்பிள் கட்டரை. அதில் மரத்துக்கான பிளேடை மாட்டிக்கொண்டு அறுக்கிறார்கள். அந்த இயந்திரம் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும். மரம் அறுப்பதற்கென்றே உள்ள வட்ட ரம்பம் ஏறத்தாழ 5,000 சுற்றுதான். வட்ட ரம்பத்தின் கீழ் மூடி தானாக வந்து பிளேடை மறைக்கும். மார்பிள் கட்டரில் அது இல்லை. பல் உள்ள பிளேடு மரத்தில் சிக்கினால் இயந்திரம் கையை நோக்கித் துள்ளும். தேர்ந்த ஆசாரிகளே இதில் விரல் இழந்திருக்கிறார்கள். விலை குறைவு என்பதற்காக தயவுசெய்து இதை வாங்காதீர்கள். கைரம்பம் போதும், அது மெதுவாக அறுக்கும், அவ்வளவுதான்.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். டேப், மூலமட்டம் (மூலை சரியாக 90 பாகை இருக்கிறதா என்று பார்க்கும் கருவி), டிரில் மெஷின், நான்கு கிளாம்ப், முக்கால் அங்குல உளி, சுத்தியல், கைரம்பம், உப்புத்தாள். கண்ணாடியும் முகக் கவசமும் இந்தப் பட்டியலில் சேர்ந்தவைதான். பிளைவுட் தூளில் மரத்தோடு பசையும் இருக்கிறது. டிரில்லை வாடகைக்கும் எடுக்கலாம். மூலமட்டத்தில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். வாங்கும்போதே சோதியுங்கள்: நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள், மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழவில்லை என்றால் அது மூலமட்டம் இல்லை.

கோர்க்கும்போது முதல் காரியம், இரண்டு பக்கப் பலகைகளையும் அருகருகே படுக்க வைத்து, தட்டுகள் வரும் இடங்களை இரண்டின் மேலும் ஒரே வீச்சில் கோடு போடுவது. தனித்தனியாக அளந்தால் ஒரு தட்டாவது சரிந்து நிற்கும். தட்டு உட்காரும் இடத்தில் 6 மி.மீ. ஆழத்துக்குக் காடி (தட்டின் முனை நுழையும் நீளப் பள்ளம்) எடுத்தால் சுமை முழுவதையும் காடியே தாங்கும், நல்ல ஆசாரிகள் செய்வது அதுதான். காடி எடுத்தால் அந்த அளவுக்கு உள் அகலம் குறையும், ஒடுங்கிய மூன்று துண்டுகளையும் அதற்கேற்ப வெட்டுங்கள். ஆனால் காடி எடுக்க ரூட்டர் என்ற பள்ளம் எடுக்கும் இயந்திரம் வேண்டும், அல்லது உளி பழகிய கை வேண்டும். முதல் அலமாரிக்கு நான் சொல்வது வேறு வழி: ஒவ்வொரு தட்டின் கீழும் இரு பக்கமும் முக்கால் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) துண்டைப் பசையும் திருகும் போட்டுப் பொருத்துங்கள். தட்டு அதன் மேல் உட்காரும். பிறகு வெளியிலிருந்து தட்டின் விளிம்புக்குள் இரண்டங்குலத் திருகு மூன்று. பிளைவுட்டின் விளிம்பில் திருகு ஏறும்போது அடுக்குகளைப் பிளந்துவிடும்; 3 மி.மீ. துளை போடாமல் திருகை இறக்கவே கூடாது. வெளிப்பலகையில் திருகின் தலை அமுங்கும்படி குழி எடுத்துக்கொண்டால் பிறகு பட்டி வைத்து மறைக்கலாம்.

பசை போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை பசையில்லாமல் கோர்த்துப் பாருங்கள். பிறகு வெள்ளைப் பசையைத் (கடையில் ஃபெவிகால் என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள்) தடவி, திருகி, கிளாம்ப் போட்டு, பசை ஈரமாக இருக்கும்போதே இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் சட்டம் சதுரம். இல்லையென்றால் நீளமாக உள்ள மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் பிடித்து மெல்ல அழுத்துங்கள், நகரும். மறுநாள் அளந்து பயனில்லை.

பின்பலகையை வீண் செலவு என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தூசிக்காக மட்டும் இல்லை. பின்பலகை இல்லாத அலமாரி பக்கவாட்டில் ஆடும், ஆட்டத்தில் திருகுத் துளைகள் தளரும், பிறகு எத்தனை ஆணி அடித்தாலும் நிற்காது. 6 மி.மீ. பிளைவுட்டை முழு அளவுக்கு வெட்டி, எல்லாத் தட்டுகளோடும் சேர்த்துத் திருகிவிட்டால் அந்த ஆட்டம் அடியோடு நின்றுவிடும்.

வெட்டிய விளிம்புகளை எப்படி மூடுவது? பி.வி.சி. எட்ஜ் பேண்ட் ஒட்டலாம். எனக்குப் பிடித்தது 6 மி.மீ. தேக்கு பீடிங், அதாவது ஒடுங்கிய தேக்குப் பட்டை. தலையில்லாத சிற்றாணியும் பசையும் போட்டு ஒட்டி, உப்புத்தாளால் சமன் செய்தால் முன்னால் நின்று பார்ப்பவருக்கு அது மரத் தட்டாகவே தெரியும். புத்தகம் இழுத்து இழுத்து விளிம்பு தேயவும் தேயாது. மேல்பரப்புக்கு மைக்கா ஒட்டுவதாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் ஒட்டாதீர்கள். ஒரு பக்கம் ஈரத்தை இழுக்கும், மறுபக்கம் இழுக்காது, பலகை வளைந்துவிடும். உட்புறத்துக்கு மெல்லிய மைக்காவாவது போட வேண்டும். முதல் அலமாரிக்கு மைக்காவே வேண்டாம் என்பேன். 120, பிறகு 180, பிறகு 220 என்று உப்புத்தாள் தேய்த்து, வார்னிஷ் இரண்டு கை அடியுங்கள்; அல்லது பிரைமரும் எனாமலும் போதும். அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்க்கும் பிரெஞ்சு பாலிஷ் அழகானது, ஆனால் சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிறவர்கள், நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட வேண்டாம். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயப்போட்டுவிட்டுப் பிறகு எறியுங்கள்.

சரி, தேக்குக்கு எப்போது செலவழிக்கலாம்? மேசைக் கால், முக்காலி, கட்டில் சட்டம், ஊஞ்சல் பலகை, இப்படி மரம் வெளியே தெரியும், கை படும், அடிபடும் இடங்களில். வாங்கும்போது வைரம் (மரத்தின் நடுவே உள்ள கெட்டியான பகுதி) எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று பாருங்கள். வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது. ஓரத்தில் உள்ள வெள்ளையைத் தேக்கிலும் பூச்சி அரிக்கும். பழைய வீடுகளை இடித்து எடுத்த தேக்கு, உலர்ந்து அடங்கிய மரம். காரைக்குடிப் பக்கத்துக் கடைகளிலும் சென்னையின் பழைய மரக்கடைகளிலும் தேடினால் கிடைக்கும். ஆணிகள் உள்ளே ஒளிந்திருக்கும், அவற்றைப் பிடுங்கிய பிறகே இழைப்புளியை வைக்க வேண்டும். புது மரம் எவ்வளவு உலர்ந்திருந்தாலும் மழைக்காலத்தில் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். ஒரு அடி அகலப் பலகையில் ஒன்றிரண்டு மி.மீ. ஆகலாம். நீளவாக்கில் அசைவே தெரியாது. அதனால் மேசைப் பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஒட்டினால் எங்காவது வெடிக்கும். திருகுத் துளையை நீள்வட்டமாக எடுத்து, பலகை நகர இடம் விட வேண்டும். பழைய வீட்டுக் கதவுகளில் நடுப்பலகை காடிக்குள் பசையில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பதும் இதற்காகத்தான்.

பழைய பேக்கிங் பெட்டிகளின் பைன் மரத்தில் ஷெல்ஃப் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டையில் ஐ.பி.பி.சி. (IPPC) முத்திரை இருக்கும், மரத்தில் பூச்சியை எப்படிக் கொன்றார்கள் என்பதை அது சொல்லும். அதில் எச்.டி. (HT) என்று இருந்தால் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயு போட்டது, வீட்டுக்குள் வேண்டாம்.

கடைசியாக, நிறுத்துவது. சுவரை ஒட்டித் தள்ளாமல் அரை அங்குலம் இடம் விடுங்கள். கறையான் பெரும்பாலும் சுவர் வழியாகத்தான் ஏறி வருகிறது. அந்த இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்தால் மண் வரி ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மழைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். பலகை தப்பினாலும் புத்தகத்தைத் தின்றுவிடும்.

வீட்டில் குழந்தை இருந்தால், ஆறடி அலமாரியைச் சுவரில் கட்டாமல் ஒரு நாள்கூட நிற்க விடாதீர்கள். கீழ்த் தட்டை ஏணியாக நினைத்துப் பிள்ளை ஏறினால் முழுக் கனமும் அதன் மேல்தான் சாயும். மேல்தட்டுக்குக் கீழே வைத்தோமே அந்தத் துண்டு இதற்குத்தான்: அரை அங்குலக் கட்டையை இடையில் வைத்து, அதன் வழியாகச் சுவருக்கு இரண்டு நீளத் திருகுகள். செங்கல் சுவரில் 8 மி.மீ. துளையும் ரால் பிளக்கும் (துளைக்குள் திருகைப் பிடித்து நிறுத்தும் உறை) போதும். பூச்சுக்குள் மட்டும் நிற்காமல் செங்கல் வரை போகிற நீளம் வேண்டும். புது அடுக்குமாடிகளில் உள்ள எடை குறைந்த வெள்ளைக் கல் சுவரில் சாதாரண பிளக் கழன்றுவிடும், அதற்கென்று தனிப் பிளக் உண்டு. இரண்டு துளைக்கு வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது அடைத்துத் தந்துவிடலாம்.

இது முடிந்ததும் கதவு வைத்த துணி அலமாரிக்கு மனம் ஓடும். அதற்கு 22 முதல் 24 அங்குல ஆழம் வேண்டும், ஹேங்கர் மட்டுமே 17, 18 அங்குலம். கதவுக்குக் கப் கீல் போடுங்கள். அதற்கு 35 மி.மீ. துளை, ஆழம் 12 மி.மீ. அளவுக்கு; துளையின் ஓரத்துக்கும் கதவின் விளிம்புக்கும் நடுவே 3 முதல் 6 மி.மீ. இருக்க வேண்டும். 18 மி.மீ. பலகையில் கொஞ்சம் அழுத்திவிட்டால் மறுபக்கம் வந்துவிடும். பக்கப் பலகைகளை வெட்டிய பட்டைகளில் இரண்டடிக்குச் சற்று மேல் இரண்டு துண்டுகள் மிச்சம் இருக்கும். கீல் துளையை முதலில் அவற்றில் போட்டுப் பழகிவிட்டுக் கதவைத் தொடுங்கள்.